முதல் பக்கத்தைப் பார்க்காமல் வரைந்த படங்கள்

சென்ற மாதம் முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆட்டோக்காரர், "உள்ள என்னாம்மா, கல்லா?" என்று கேட்டார். நோட்டுப் புத்தகம் என்றேன். "இவ்ளோவுமா?" என்றார். மொத்தம் பத்தொன்பது நோட்டு. சேதராப்பட்டில் நான் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில், கல்ச்சர் என்று நாங்கள் சொல்லும் கிருமியை வளர்க்கும் அறையில் உட்கார்ந்து மாதாமாதம் பென்சிலால் வரைந்து நிரப்பியவை.

அதற்கு இரண்டு நாள் முன்பு கீர்த்தனா போன் செய்திருந்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், பழைய ரூமை இடிக்கறாங்க. இனிமே கல்ச்சரை நாம வளத்து வெச்சிக்க வேணாமாம். ஐஸ்ல உறையவெச்ச குப்பியா வெளியிலேர்ந்து வாங்கிக்கப் போறாங்க. உங்க நோட்டெல்லாம் ஸ்கிராப்புல போடச் சொன்னாங்க. படமெல்லாம் அவ்ளோ அழகா இருக்குது, எனக்கு மனசே வரல."

"வீட்டுக்கு அனுப்பிடும்மா."

"இன்னொண்ணு மேடம். புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன். கம்பெனி மலர்ல போடறோம்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது என் மனதில் இருந்தது வேறு கட்டுரை. பெருமையாக நாலு விஷயம், சிரிக்க ரெண்டு விஷயம், கடைசியில் கொஞ்சம் அறிவுரை. பெட்டியைப் பிரித்த பிறகு அந்தக் கட்டுரை எனக்கு வரவில்லை. இதை மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டாலும் கீர்த்தனா முழுக்கப் படிக்க வேண்டும்.

என் பெயர் ஜைத்தூன். அத்தா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்கேல் இல்லாமல் நேராகக் கோடு இழுப்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பிறகு நுண்ணுயிரியல் படித்தேன். இந்த இரண்டில் எதற்காக வேலை கிடைத்தது என்று கேட்டால் பென்சிலுக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வில் ஒரு கண்ணாடித் தட்டை முன்னால் வைத்து, "இதுல இருக்கறத வரை" என்றார்கள். வரைந்தேன். சேர்ந்துவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் மாட்டுக்கும் கோழிக்கும் நோய் வந்தால் கொடுக்கிற மருந்து தயாரானது. தயாரித்தது நாங்கள் இல்லை, மண்ணில் வாழும் ஒரு கிருமி. நாங்கள் அதற்குச் சோறு போட்டோம், அவ்வளவுதான். சோயா மாவும் ஸ்டார்ச்சும் கரைத்த கஞ்சியை மாடிவீட்டு உயரத் தொட்டியில் ஏற்றி, நீராவி விட்டு அரை மணி நேரம் வேகவைப்போம். கஞ்சியில் இருக்கிற கண்ட கிருமியும் சாக வேண்டும். அரை மணிக்குக் குறைந்தால் சாகாது, ரொம்ப நேரம் விட்டால் கஞ்சி தீய்ந்து சத்து போய்விடும். ஆறிய பிறகு எங்கள் கிருமியை மட்டும் உள்ளே விட்டு, காற்று கொடுத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஆறாம் நாள் மருந்து எடுக்கலாம்.

மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை வருமே, அது இந்த மாதிரிக் கிருமிகளின் வாசனைதான். தொட்டியிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் மூன்றாம் நாளிலிருந்து அந்த வாசனை வரும். எங்கள் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்ளும். சேதராப்பட்டு பஸ்ஸில் ஒரு கண்டக்டர் எங்களை 'மழைக் கம்பெனி ஆளுங்க' என்றே கூப்பிடுவார்.

என் மேலதிகாரி அந்துவான் சார். பழைய சொல்தா குடும்பம். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் பிரெஞ்சு, எங்களிடம் தமிழ், நடுநடுவே ரெண்டும் கலந்து வரும். மத்தியானம் தாழ்வாரத்தில் நின்றபடியே நீள ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் திட்டமாட்டார். தப்பு நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "போன்..." என்பார். பிறகு நாமாக உண்மையைச் சொல்லும்வரை சும்மா நிற்பார். போன் என்றால் நல்லது என்று அர்த்தமாம். அவர் வாயில் அது நல்லதுக்கு வந்து நான் கேட்டதில்லை.

அவர் வைத்திருந்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கிருமியை ஒரே குழாயில் வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியாது. மாதம் ஒருமுறை அதன் பொடியைத் தண்ணீரில் கலந்து கண்ணாடித் தட்டுகளில் பரப்புவோம். பத்து நாளில் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். அந்தப் புள்ளிகளைக் காலனி என்போம். ஒரு தட்டில் நூறு காலனி இருந்தால் நூறும் ஒரே மாதிரி இருக்காது. அதில் சரியான ஒன்றைப் பொறுக்கி அடுத்த குழாய்க்கு மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் அந்த மாதம் ஓடும் அத்தனை தொட்டிக்கும் அந்த ஒரு காலனியின் பிள்ளைகள்தான் போகும்.

"தொடறதுக்கு முன்னாடி வரையணும்" என்பது சாரின் சட்டம். அகலத்தை அளந்து, மேலே இருக்கும் மடிப்பு, விளிம்பு, தட்டைத் திருப்பினால் அடியில் தெரியும் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் வரைய வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நான் சேர்வதற்கு முன்பே சார் வரைந்த படம் அது. சாருக்குப் படம் சுத்தமாக வராது. நசுங்கிய வடை மாதிரி இருக்கும். பக்கத்தில் 'சின்னது, சுருக்கம், சாம்பல் பூத்தது, அடியில் செம்பழுப்பு' என்று எழுதியிருப்பார்.

"தினமும் பாக்கற மொகம் மாறிக்கிட்டே போறது நமக்குத் தெரியாது ஜைத்தூன். போன மாசத்துப் படத்தோட ஒப்பிட்டுப் பாக்காத. எப்பவும் மொதல்ல இதப் பாரு. அப்புறம் தட்டப் பாரு. தூஸ்மா, தூஸ்மா."

மெதுவா, மெதுவா என்று அர்த்தம். பதினைந்து ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று மெதுவாகவே செய்தேன்.

ஓய்வுபெற்று பிரான்சில் இருக்கும் மகளிடம் போகும்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை என் கையில் கொடுத்தார். ஆரம்பகாலக் கிருமியை உலர்ந்த மண்ணில் தூங்கவைத்து மெழுகால் மூடியது. "இதத் தொடாத. வேற வழியே இல்லன்னா மட்டும் ஒட" என்றார். இரண்டு வருடத்தில் அங்கேயே இறந்துபோனார். செய்தி வந்தபோது முதல் முறையாக அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் போன பிறகு முதல் மாதம் பீரோவின் அடித்தட்டிலிருந்து முதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் மாதமும் பார்த்தேன். அப்புறம் அதன்மேல் வேறு பைல்கள் ஏறிவிட்டன. அந்த வடைப் படம்தான் எனக்கு மனப்பாடம் ஆச்சே, எதற்குக் குனிந்து எடுப்பது என்று விட்டுவிட்டேன். போன மாதம் நானே வரைந்த படம் மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை வைத்து ஒப்பிட்டேன்.

இப்போது என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் படங்கள்மேல் கர்வம். வெளியிலிருந்து யார் ஆய்வுக்கு வந்தாலும் மேனேஜர் என் நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார். மருந்து நிறையத் தருவது சாரின் படத்தில் இருக்கும் அந்தச் சுருக்கக் காலனிதான், அழகான காலனியை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அழகானதை எடுத்ததாக நான் நினைக்கவும் இல்லை. விளிம்பு கொஞ்சம் தெளிவாக இருப்பதை எடுத்தேன். மடிப்பு கொஞ்சம் ஒழுங்காக இருப்பதை எடுத்தேன். இன்றைக்கு யோசித்தால், படம் எதற்கு நன்றாக வருமோ அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் போன மாதத்தைவிட ஒரு இம்மி அழகு. இப்படியே ஏழு வருஷம்.

தொட்டியில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது உண்மை. ஒரு மாதம் மாவு சரியில்லை என்றார்கள். இன்னொரு மாதம் கரண்ட் போய்க் காற்று நின்றது என்றார்கள். காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஏழுமலை. வீராம்பட்டினத்துக்காரர். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி. "கடலுக்கு ஆவாதவன்னு கரைல தள்ளிட்டாங்க மேடம், அதான் இங்க வந்துட்டேன்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். நீராவி வால்வைத் திறப்பது, மூடுவது, கஞ்சியைச் சரியாக அரை மணி வேகவைப்பது அவர் வேலை. கையில் கடிகாரம் கட்டமாட்டார், சட்டைப்பையில் வைத்து எடுத்து எடுத்துப் பார்ப்பார். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. காற்றுக்குழாய்ப் பக்கம் போய் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, "மூணாம் நாளு" என்பார், "அஞ்சு ஆரம்பிச்சிடுச்சி" என்பார். தொட்டியில் தேதி எழுதி மாட்டிய பலகையைப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அந்த ஏழாவது வருஷம் ஆனி மாதம் ஒரு காலையில் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆபரேட்டர்கள் உள்ளே வரக் கூடாது.

"மேடம், ரெண்டாம் நம்பர் டேங்க்ல வாசன சரியா வரலிங்க."

"என்ன வாசன?"

"மண்ணு வாசனதான். இன்னியோட நாலு நாளு. இன்னும் மாவு நாத்தமாவே கெடக்குது. போன பேட்ச்லயே கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சி. அப்ப சொல்லல. நீங்க ஒருவாட்டி உங்க கல்ச்சரப் பாருங்களேன்."

நான் வரைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அமைந்த காலனி வெள்ளை வெளேரென்று வட்டமாக, அவ்வளவு லட்சணமாக இருந்தது. கல்ச்சரைப் பார் என்று ஒரு வால்வு திருப்புகிறவர் எனக்குச் சொல்வதா என்று சுருக்கென்றது. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"மீன் நாத்தத்துலயே வளந்த மூக்கு ஏழுமலை அது. அதுக்கு மண் வாசன எங்கேர்ந்து தெரியப்போவுது?"

அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வாசலில் அவரும் சிரித்தார். "சரிங்க மேடம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் விளிம்புக்கு நிழல் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஆடி மாதம் வந்தது. வீராம்பட்டினத்தில் தேர். ஊரே திரண்டு நிற்கும் நாள், ஏழுமலை லீவு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் வேகவைத்த கஞ்சியில்தான் நான் வரைந்த அந்த வெள்ளைக் காலனியின் பிள்ளைகள் போயின. ஆறாம் நாள் சோதித்தால் வழக்கமான மருந்தில் பாதிகூட இல்லை. கஞ்சி மங்கலாக, பழுப்பாகக் கிடந்தது. தொட்டி முழுவதையும் கழிவில் திறந்துவிட்டார்கள்.

வேறு கிருமி புகுந்திருக்கிறதா என்று நான் பார்த்தேன். புகவில்லை. அப்படியென்றால் கஞ்சி தீய்ந்திருக்க வேண்டும் என்றார் மேனேஜர். நீராவியைத் திறந்துவிட்டு ஆபரேட்டர் தூங்கியிருக்க வேண்டும், தேருக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தவன் வேறென்ன செய்வான் என்றார். எத்தனை நிமிஷம் வெந்தது என்று வட்டக் காகிதத்தில் ஒரு பேனா தானாகக் கோடு போடும். அந்தச் சனிக்கிழமை பேனாவில் மை காய்ந்திருந்தது. காகிதம் வெறுமையாக இருந்தது.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஏழுமலையை நிற்கவைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் குடிக்கல சார். தூங்கல. கரெக்டா முப்பது நிமிசத்துல வால்வ மூடுனேன். தப்பு கஞ்சில இல்ல சார். ஒரு மாசமாவே வாசன வரல. மேடம்கிட்டகூடச் சொன்னேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா மேடம்?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். பயமே இல்லாத முகம். மேடம் சொல்லிவிடுவார், விஷயம் முடிந்துவிடும் என்று நம்பிய முகம்.

சொன்னார் என்று நான் சொன்னால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்த மாதம்தான் என் பெயரைச் சீனியர் பதவிக்கு எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பாதி உண்மை. அவருக்கு நான் சொன்ன பதிலை அந்த அறையில், அவர் எதிரில், திரும்பச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற வெட்கம்தான் என் வாயைக் கட்டியது.

"எனக்கு ஞாபகமில்ல சார்" என்றேன்.

தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்றார்கள். ஏழுமலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்று பார்க்கவில்லை.

அவர் போன பிறகும் அடுத்த இரண்டு தொட்டி அதே கதிதான். யாரிடமும் சொல்லாமல் அந்துவான் சார் கொடுத்த மண் குழாயை உடைத்தேன். உடைத்தபோது விரலில் கண்ணாடி கிழித்தது. பத்து நாளில் தட்டில் முளைத்தவை சின்னச் சின்னதாகச் சுருங்கி, சாம்பல் பூத்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தொட்டிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாளே தொட்டிப் பக்கம் மழை வாசனை வந்துவிட்டது. மருந்தும் பழையபடி ஏறியது.

"பாத்தீங்களா, வால்வும் புதுசா மாத்தினோம், அந்த ஆளும் போயிட்டான், எல்லாம் சரியாப்போச்சி" என்றார் மேனேஜர். நான் தலையாட்டினேன். புது நோட்டு ஒன்று எடுத்து, அதன் முதல் பக்கத்தில் மண் குழாயிலிருந்து வந்த காலனியை வரைந்து, அதற்குப் பிறகு மாதம் தவறாமல் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பொறுக்கினேன். பழைய நோட்டுகளை மட்டும் திறக்கவில்லை. எனக்கு உண்மை தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். சீனியர் ஆனேன். பதினோரு வருஷம் போனது.

பெட்டி வந்த அன்று மத்தியானம் நோட்டுகளைக் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் நோட்டில் சாரின் நசுங்கிய வடை. பன்னிரண்டாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்த ஆனி மாதத்தில் நான் வரைந்த வெள்ளை வட்டம். நடுவில், சார் போன பிறகு நான் வரைந்த ஏழு வருஷப் படங்கள். வேகமாகப் புரட்டினால் சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்து, வட்டம் பெரிதாகி, சாம்பல் வெளுத்துப்போவது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. வேறு சாட்சி எதுவும் வேண்டாம். என் கையாலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் அந்த இரண்டு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வீராம்பட்டினத்துக்குப் போனேன்.

ஏழுமலை வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. "மருந்து கம்பெனி ஏழுமலையா? குடிச்சிட்டு வேல போச்சே, அவரா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெண் வழி காட்டினாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகும் அதுதான் அவருக்கு அடையாளம். அந்த இடத்திலேயே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

அவர் இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிஃப்டு முடிந்து வீட்டில் இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஜைத்தூன் மேடமா? வாங்க, வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வாசலில் தார்ப்பாயில் அவர் மனைவி தனம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நோட்டுகளைத் திறந்து இரண்டு பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இது வேற, அது வேறீங்களே" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஏழுமலை. நான்தான் மாத்திட்டேன். அழகா இருக்கணும்னு பொறுக்கிப் பொறுக்கிக் கெடுத்துட்டேன். அன்னைக்கு மருந்து வராததுக்கு இதுதான் காரணம். உங்க கஞ்சில ஒரு தப்பும் இல்ல. நீங்க எங்கிட்ட வந்து சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சி. மேனேஜர்கிட்ட இல்லன்னு பொய் சொன்னேன்."

அவர் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கருவாடு புரட்டும் சத்தம் நின்றது.

"அப்ப இவுரு அன்னிக்கித் தூங்கலயா?" என்றார் தனம்.

"தூங்கலம்மா. அவர் வேலைய அவர் சரியாத்தான் செஞ்சிருக்காரு."

தனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"அம்மன் கோயில்ல வந்து சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணுன்னு எத்தன வாட்டி கேட்டேன்? நீ ஏன்யா பண்ணல?"

"நான் சொன்னா நம்பாதவ, சூடத்த அணைச்சா மட்டும் நம்புவியா?"

"நீ மாட்டேன்னதாலதான நான் குடிச்சிருக்கேன்னே முடிவு பண்ணேன்? பதினோரு வருசமா ஒரு சண்டைல விட்டு வெச்சேனா? பொண்ணு கல்யாணத்தன்னிக்கிகூட அதச் சொல்லித்தான உன்ன..."

முடிக்காமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அழுகை கேட்டது. வாயில் துணியை வைத்து அடக்கியும் அடங்காத அழுகை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் பாரத்தை இறக்கிவைக்க வந்தேன். அதை அந்த அம்மாள் தலையில் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழுமலை நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"இத எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார் மெதுவாக. "நான் தூங்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எனக்குப் பழகிப்போச்சி. அவ இனிமேதான் பழகணும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. கிளம்ப எழுந்தபோது தனம் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"இத எழுதிக் குடுங்க. அந்தக் கம்பெனில இருக்கறவங்க எல்லாரும் படிக்கணும். பேரு போட்டு எழுதுங்க. வீராம்பட்டினம் ஏழுமலைன்னு போட்டே எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். கீர்த்தனா, பெயரை மட்டும் எடுத்துவிடாதே.

பஸ் நிற்கும் இடம் வரை ஏழுமலை கூடவே வந்தார். காற்றில் மீன் வாடை அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் சொல்லாமல் பாக்கி இருந்தது. அதை வீட்டில், தனத்தின் எதிரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் திரும்புவது தெரிந்ததும்தான் வாயைத் திறந்தேன்.

"ஏழுமலை, அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு வாசன வரலன்னு சொன்னப்ப, நான் ஒரு வார்த்த சொன்னேன். உங்க மூக்கப் பத்தி. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு..."

அவர் வருகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஞாபகமில்லீங்க மேடம்" என்றார்.

மேனேஜர் அறையில் நான் சொன்ன அதே பதில். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பஸ் வந்து நின்றதும் பையை வாங்கி, நான் ஏறிய பிறகு என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.